பாணன் கொடுக்கும் பகடை

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘பாணனின் பணி’ என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, புறநானூறு பற்றித்தான் பேச்சு என்று நம்பி வந்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பேச வந்தது ஒரு விளையாட்டைப் பற்றி. அந்த விளையாட்டில் ‘பார்ட்’ என்று ஒரு வேடம் உண்டு. பாட்டும் கதையும் தெரிந்தவன், ஊர் ஊராகச் சுற்றுகிறவன், கூட்டத்தோடு போர்க்களத்துக்கும் போகிறவன். அவனைத் தமிழில் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காததால் பாணன் என்கிறேன். நம்முடைய பாணருக்கும் அவனுக்கும் வம்ச உறவு கிடையாது. வடநாட்டு நார்ஸ் மக்களின் ஸ்கால்டு, கெல்டிக் மக்களின் பார்ட், தென் ஐரோப்பாவின் ஊர்சுற்றிப் பாடகன் என்று மூன்று பேரைப் பிசைந்து செய்த உருவம் அவன்.

விளையாட்டின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்டது. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். அவரை டிஎம் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வன். செய்ய நினைப்பதைச் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு உங்கள் திறமைக்கான எண்ணைக் கூட்டி, எட்ட வேண்டிய இலக்கை எட்டினால் நடந்தது. எட்டவில்லையென்றால் இல்லை. அடிக்கும்போது அந்த இலக்கு எதிரியின் கவச எண். இவ்வளவு தெரிந்தால் இன்றைய பேச்சுக்குப் போதும்.

இப்போது அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். குகை வாசலில் பூதம் நிற்கிறது. வீரன் வாளை உருவுகிறான். மந்திரவாதி நெருப்பை வரவழைக்கிறான். கள்வன் இருட்டில் பதுங்குகிறான். நாலாவது ஆள் யாழை எடுத்து மீட்டத் தொடங்குகிறான். மேசையில் யாராவது ஒருவர் சிரிக்காமல் இருக்க மாட்டார். இந்தச் சிரிப்பு விளையாட்டு உலகம் முழுவதும் உள்ள பழைய சிரிப்பு. நானும் சிரித்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் பாணன் வேடம் என் தலையில் விழுந்தது. வேறு யாரும் எடுக்க முன்வரவில்லை, அவ்வளவுதான் காரணம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஆள் குறைந்தால் ஓரமாக நிற்கிறவனைக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி.

முதலில் அந்த வேடத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அதில் ஒரு சுவையான விஷயம் ஒளிந்திருக்கிறது.

பாணன் முதலில் வந்தது 1976 பிப்ரவரியில். ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ’ என்ற சிற்றிதழில் டக் ஷ்வெக்மன் என்பவர் எழுதினார். 1978இல் வந்த ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ நூலில் அவனைப் பின்னிணைப்பில் வைத்தார்கள். பின்னிணைப்பு என்றதும் எளிதாக நினைத்துவிடாதீர்கள். முதலில் வீரனாகச் சில படி ஏற வேண்டும், அதை விட்டுவிட்டுக் கள்வனாகச் சில படி ஏற வேண்டும், அதற்கும் பிறகு ட்ரூயிட் பூசாரிகளிடம் சீடனாகச் சேர்ந்தால்தான் பாணன். அவன் தேறிச் செல்லும் கல்லூரிகளுக்கு ஃபோக்லுகன், மாக்-ஃபூர்மித், ஓலாவ் என்றெல்லாம் பழைய அயர்லாந்துப் புலவர் மரபின் படிநிலைகளிலிருந்து பெயர் எடுத்திருந்தார்கள்.

அந்த நூலில் பாணன் தோழர்களுக்கு என்ன தருகிறான்? அடிக்கும் பகடையில் கூடுதலாக ஒன்று. கூடவே, கலங்காமல் நிற்கும் மனவுறுதியில் 10 சதவீதம். அதைக் கொடுக்க இரண்டு சுற்று, அதாவது மேசையில் எல்லோருடைய முறையும் இரண்டு தடவை வந்து போகும் வரை, அவன் பாட வேண்டும். 1989இல் இரண்டாம் பதிப்பு. அதில் இன்னும் இறுக்கம். வரப்போகும் ஆபத்து இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்; சண்டை தொடங்கும் முன்பே குறைந்தது மூன்று சுற்று பாடியிருக்க வேண்டும். பூதம் திடீரென்று குதித்தால் பாணன் கை பிசைந்து நிற்க வேண்டியதுதான். 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. பாட்டைத் தொடங்க ஒரு செயல் போதும் என்றார்கள். தொடங்கிவிட்டால் பாடிக்கொண்டே வாளும் வீசலாம். 2014இல் ஐந்தாம் பதிப்பு. அதுவும் குறைந்தது. ஒரு துணைச் செயல், அதாவது வழக்கமான தன் முறையைச் செய்துவிட்டு இடையில் செருகிக்கொள்ளும் ஒரு சிறு செயல், அதிலேயே ஊக்கம் கொடுத்துவிடலாம்.

கவனித்தீர்களா? கொடுக்கும் உதவி பெரிதாக வளர்ந்துவிடவில்லை. அதைக் கொடுக்க ஆகும் நேரம்தான் இரண்டாம் பதிப்புக்குப் பிறகு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. விதி எழுதியவர்களுக்கு ஒன்று புரிய ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது: மற்றவர்களுக்கு உதவுகிறவன் தன் முறையைத் தியாகம் செய்துதான் உதவ வேண்டும் என்றால், மேசையில் அந்த நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். சனிக்கிழமை மாலையை ஒதுக்கி வந்தவருக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், சந்தைக் கணக்குதான்.

மூன்றாம் பதிப்பில் ‘இன்ஸ்பயர் கரேஜ்’ என்று ஒரு பாட்டு. துணிவூட்டும் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற தோழர் எல்லோருக்கும் அடிக்கும் பகடையில் ஒன்று கூடும், ஆயுதத்தின் சேதத்திலும் ஒன்று கூடும். ஒன்றா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு நாள் பேருந்தில் உட்கார்ந்து பயணச்சீட்டின் பின்புறம் போட்டுப் பார்த்தேன்.

ஒரு வீரன் எதிரியை அடிக்க இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வையுங்கள். இருபதில் பத்து முகம், 50 சதவீதம். பட்டால் சராசரி சேதம் 8. ஆக, சுற்றுக்குச் சராசரி 4. இப்போது பாணன் பாடுகிறான். 10 விழுந்தாலே போதும்; 55 சதவீதம். சேதம் 9. பெருக்கினால் 4.95. கிட்டத்தட்ட கால் பங்கு ஏற்றம். இப்படி நாலு பேர் அடித்தால் சுற்றுக்கு 3.8 கூடுதல். அந்தப் பாணன் பாடாமல் தானே ஒரு சிறு கத்தியோடு போயிருந்தால்? 45 சதவீத வாய்ப்பு, சேதம் 6 என்று தாராளமாகவே வைப்போம். 2.7தான் வரும். அவன் அடித்து வருவதைவிட அவன் பாடி மற்றவர்கள் அடிப்பதில் வருவது அதிகம். மூன்றாம் பதிப்பில் பாடிக்கொண்டே அடிக்கவும் முடியும் என்பதால் இரண்டாவது சுற்றிலிருந்து இரண்டுமே கையில்.

இன்னொரு சூட்சுமமும் அந்தப் பதிப்பில் இருந்தது. பாடிக்கொண்டே மந்திரம் சொல்ல முடியாது. ஆனால் பாட்டு நின்ற பிறகும் ஐந்து சுற்றுக்கு அதன் பலன் நிற்கும். ஆகவே தெரிந்தவர்கள் ஒரு சுற்று பாடி, நிறுத்தி, அடுத்த சுற்றுகளில் மந்திரத்தைப் போடுவார்கள். பெரும்பாலான சண்டைகள் அதற்குள் முடிந்துவிடும். நெல் வேகவைத்து இறக்கிய அடுப்பின் தணலில் கிழங்கைச் சுட்டு எடுக்கிற மாதிரி.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கூடுதல் எண்களுக்குச் சாதி உண்டு. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கூடுதல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. பாணனின் துணிவுப் பாட்டும் பூசாரியின் ‘பிளெஸ்’ மந்திரமும் ஒரே இனம். இரண்டையும் போட்டுவிட்டு அடிக்கும் பகடையில் இரண்டு கூட்டிக்கொண்ட குழுக்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவே ஆறு மாதம் அப்படித்தான் ஆடியது. விதிப் புத்தகத்தை யாரோ ஒருவர் பொறுமையாகப் படித்துச் சொன்ன அன்று, நாங்கள் அதுவரை கொன்ற பூதங்களில் பாதி உயிரோடு எழுந்து வந்துவிடும் போலிருந்தது.

2009இல் பெய்ஸோ நிறுவனம் ‘பாத்ஃபைண்டர்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. இந்தத் துணிவுப் பாட்டு அங்கேயும் போனது. 2019இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் அந்த ஒன்றுக்கு மவுசு கூடிவிட்டது. அதில் இலக்கைவிடப் பத்து அதிகமாக எடுத்தால் பேரடி, சேதம் இரட்டிப்பு. 8 விழுந்தால் படும் என்ற நிலையில் 18, 19, 20 மூன்றும் பேரடி. ஒன்று கூடினால் 17உம் பேரடியாகிறது. தவறிய அடி பட்ட அடியாவதும் அந்த ஒன்றால், பட்ட அடி பேரடியாவதும் அதே ஒன்றால். அந்த விளையாட்டை ஆடுகிறவர்களிடம் ஒன்று என்ன பெரிய விஷயம் என்று கேட்டுவிடாதீர்கள். மாலை முழுவதும் விளக்குவார்கள்.

சரி, கணக்கில் இவ்வளவு நியாயம் இருக்கும்போது சிரிப்பு ஏன் நிற்கவில்லை? அந்த ஒன்று யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. வீரன் உருட்டுகிறான், எண் வருகிறது, கூட்டுகிறான், பட்டது. மேசை ஆர்ப்பரிக்கிறது. அந்த ஒன்று இல்லாவிட்டால் அது தவறியிருக்கும் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல நேரம் அதைக் கூட்டவே மறந்துவிடுகிறார்கள். குழம்பு நன்றாக இருந்தால் உப்பைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

இந்தக் குறை விதி எழுதியவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2014இல் அவர்கள் செய்த மாற்றத்தை வேறு எப்படியும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. எல்லோருக்கும் ஒன்று என்பதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், பாணன் ஒரு தோழருக்கு ஒரு பகடையைக் கொடுக்கிறான். ‘பார்டிக் இன்ஸ்பிரேஷன்’ என்று பெயர். நாங்கள் மேசையில் ஊக்கப் பகடை என்போம். தொடக்கத்தில் ஆறு முகப் பகடை. பாணன் அனுபவத்தில் ஏறி ஐந்தாம் நிலைக்கு வந்தால் எட்டு முகம், பத்தாம் நிலையில் பத்து முகம், பதினைந்தில் பன்னிரண்டு முகம். அறுபது அடிக்குள் இருக்கிற, பாணனின் குரல் காதில் விழுகிற யாருக்கும் கொடுக்கலாம். பத்து நிமிடத்துக்குள் அவர் அடிக்கும்போதோ, ஆபத்திலிருந்து தப்பும்போதோ, ஏதாவது ஒரு திறமையைக் காட்டும்போதோ, அதை ஒரே ஒரு முறை உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். ஒருவரிடம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். பாணன் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் கடைசி விதியை அழகானது என்று சொல்வேன். அதைவிட எனக்குப் பிடித்தது, பகடை நிஜமாகவே கை மாறுவது. நான் ஒரு மஞ்சள் பகடையை எடுத்து மேசைக்கு அந்தப் பக்கம் உருட்டிவிடுகிறேன். அது இப்போது அவர்கள் முன்னால் கிடக்கிறது. எப்போது போடுவது என்பது அவர்கள் முடிவு. ‘ஒன்று’ என்னும் எண் காற்றில் கலந்த உதவி. இது கையில் வைத்துப் பார்க்கக்கூடிய உதவி.

ஆனால் இதைக் கொடுக்கிறவனுக்கு ஒரு புதுத் தலைவலி வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒன்று என்றபோது யோசிக்க ஒன்றுமில்லை, பாட வேண்டியதுதான். இப்போது யாருக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பாணனின் கவர்ச்சித் திறனைப் பொறுத்து மூன்று, நாலு பகடைதான். ஐந்தாம் நிலைக்கு முன்னால் ஒரு இரவு முழுதாகத் தூங்கி எழுந்தால்தான் அவை திரும்ப வரும்.

இங்கேதான் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நிலையில் இருந்தோம். ஒரு மலைக்குகை. வாசலில் நாலைந்து கோப்ளின்கள், குள்ளப் பூதங்கள். நான் வழக்கப்படி முதல் பகடையை வீரனுக்குக் கொடுத்தேன். அவர்தானே முன்னால் நிற்கிறார்? அவர் உருட்டி 14 எடுத்தார். கோப்ளினின் கவச எண் 15. உடனே மஞ்சள் பகடையைப் போட்டார், 5 விழுந்தது, கோப்ளின் செத்தது. மேசையில் கைதட்டல். யோசித்துப் பார்த்தால் அந்தக் கோப்ளினை அடுத்து அடிக்க வந்தவர் முடித்திருப்பார். இரண்டாவது பகடை கள்வனுக்கு, ஒரு பூட்டைத் திறக்க. பூட்டு திறந்தது, உள்ளே வௌவால் எச்சம்தான் இருந்தது. உள்ளறையில் டிரோல் நின்றது.

டிரோல் என்பது இந்த விளையாட்டின் பெரிய தொல்லை. ஒவ்வொரு முறையும் தன் முறை தொடங்கும்போது அதன் காயங்களில் பத்துப் புள்ளி தானாக ஆறிவிடும். தீயோ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறை ஆறாது. தீ மந்திரம் இருந்தது மந்திரவாதி ஒருவரிடம்தான். அந்த வேடத்தை ஆடியவர் ஒரு கல்லூரி மாணவி. மூன்றாவது, கடைசிப் பகடையை அவரிடம் உருட்டிவிட்டேன்.

பாணனாக ஆடத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. முன்னால் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருப்பேன். டிஎம் எதிரியின் கவச எண்ணைச் சொல்ல மாட்டார், சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் காது கொடுத்துக் கேட்டால் அது தானாகக் கசியும். அன்றைக்கு வீரன் மொத்தம் 14 எடுத்தபோது தவறியது. கள்வன் 15 எடுத்தபோது பட்டது. காகிதத்தில் ‘14 இல்லை, 15 உண்டு’ என்று எழுதிக்கொண்டேன். ஆக, டிரோலின் எண் 15.

டிரோல் குற்றுயிராக நிற்கிறது. அதன் முறைக்கு முன்னால் மந்திரவாதியின் முறை. தீக்கணை விடுகிறார். பகடையில் 7. அவருடைய எண் 5. மொத்தம் 12. 2014 விதிப்படி, இருபது முகப் பகடை விழுந்த பிறகும் ஊக்கப் பகடையைச் சேர்க்கலாம். ஆனால் பட்டதா தவறியதா என்று டிஎம் வாய் திறப்பதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். நான் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். பார்த்தார். மூன்று குறைகிறது. ஆறு முகத்தில் 3, 4, 5, 6 எது விழுந்தாலும் போதும். மூன்றுக்கு இரண்டு வாய்ப்பு.

“போடட்டுமா அண்ணா?” என்றார்.

“உன் பகடைம்மா” என்றேன்.

போட்டார். 2 விழுந்தது.

டிரோலுக்குப் பத்துப் புள்ளி ஆறியது. அது வீரனை அடித்துக் கீழே தள்ளியது. நான் உயிர் மீட்கும் மந்திரம் ஒன்றைக் கூவி அவரை எழுப்பினேன். கடைசியில் கள்வன் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை ஊற்றிப் பந்தத்தை வீசி முடித்து வைத்தார். நாலு பேரும் உயிரோடு வெளியே வந்தோம், ஆனால் தவழ்ந்துதான் வந்தோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு அந்த 2 மேல் கோபம் வரவில்லை. அது பகடை, அப்படித்தான் விழும். மூன்றுக்கு இரண்டு என்றால் மூன்றுக்கு ஒன்று தவறும் என்றும் பொருள். வாசலில் பழக்கதோஷத்தில் கொடுத்த அந்த முதல் பகடைதான் உறுத்தியது. அது என்னிடம் இருந்திருந்தால், அடுத்த முறை அவர் தீக்கணை விடும்போது இன்னொரு வாய்ப்பு இருந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். புத்தகத்தில் இருப்பவைதான், மேசையில் அடிபட்டால்தான் மண்டையில் ஏறுகிறது.

எல்லோருக்கும் ஒன்று என்ற பாட்டு, நிறைய முறை அடிக்கிறவருக்கு ஏற்றது. இரண்டு, மூன்று அடி அடிக்கும் வீரனுக்கு ஒவ்வொரு அடியிலும் அது சேர்கிறது. கொடுக்கும் பகடை அதற்கு நேர் எதிர். அது ஒரே ஒரு உருட்டலைத்தான் தாங்கும். ஆகவே ஒரே உருட்டலில் எல்லாம் தொங்குகிறவரிடம் அது போக வேண்டும். சுற்றுக்கு ஒரே முறை பதுங்கிப் பாய்ந்து பெரிய சேதம் செய்யும் கள்வன். ஒரு பெரிய மந்திரத்தை மனதை ஒருமுகப்படுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடிபட்டு, அது கலைந்துவிடாமல் காக்க உருட்ட வேண்டிய மந்திரவாதி. வலிமையானவருக்கு இன்னும் வலிமை தருவதில் எனக்கு இப்போது அவசரமில்லை. எந்த உருட்டல் தவறினால் மேசையில் எல்லோருக்கும் வேர்க்கும் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பிறகு நேரம். 2014 விதிப்படி பகடை பத்து நிமிடம் நிற்கும். சண்டை தொடங்கியபின் கொடுத்தால் என் துணைச் செயல் செலவாகிறது. ஒருவரை எழுப்பும் ‘ஹீலிங் வேர்டு’ மந்திரத்துக்கும் அதே துணைச் செயல்தான் வேண்டும். இரண்டையும் ஒரே முறையில் செய்ய முடியாது. கதவைத் திறக்கும் முன் கொடுத்துவிட்டால் அந்த இழுபறி இல்லை. யார் முந்திக்கொள்கிறார்கள் என்று பார்க்க உருட்டும் பகடைக்கும் அந்த மஞ்சள் பகடையைச் சேர்க்கலாம். அதுவும் ஒரு திறமைச் சோதனைதான். இரண்டாம் பதிப்பில் சண்டைக்கு முன்பே பாட வேண்டும் என்று கட்டாயமாக இருந்தது, இப்போது விரும்பினால் செய்யும் விவேகமாகத் திரும்பி வந்திருக்கிறது.

மூன்றாவது, காது. பாணனின் ஊக்கம் கேட்டால்தான் பலிக்கும். எதிரி ‘சைலன்ஸ்’ மந்திரம் போட்டு ஓர் இடத்தை நிசப்தமாக்கிவிட்டால், அதற்குள் நிற்கிற தோழருக்கு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. அந்த வட்டத்தை விட்டு அவரை வெளியே வரச் சொல்வதே அன்றைக்கு என் உதவி.

நாலாவது, பகடை மட்டும் பாணன் இல்லை. ‘ஃபேரி ஃபயர்’ என்று முதல் நிலை மந்திரம் ஒன்று உண்டு. எதிரிகள் மேல் ஒளிப்படலம் படரும். தப்ப முடியாமல் அதில் மாட்டிய எதிரியை அடிக்கிற எல்லோரும் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிறது. நாலு பேர் அடிக்கப்போகிறார்கள் என்றால் ஒரு பகடை கொடுப்பதைவிட இது மேல். ‘காலேஜ் ஆஃப் லோர்’ வழியில் போகும் பாணன் வேறொன்று செய்வான். எதிரி உருட்டும்போது ஒரு குத்தல் வார்த்தையை வீசி, தன் ஊக்கப் பகடையின் எண்ணை எதிரியின் எண்ணிலிருந்து கழித்துவிடுவான். கிண்டலும் அங்கே ஒரு ஆயுதம். நம் ஊர்த் திண்ணைப் பேச்சில் கைதேர்ந்தவர்களுக்கு இந்த வழியைப் பரிந்துரைக்கிறேன்.

2024இல் வந்த புதிய விதிநூலில் ஊக்கப் பகடை இன்னும் நெகிழ்ந்திருக்கிறது. பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிவிட்டது. தவறியது என்று தெரிந்த பிறகே அதை உருட்டலாம். பட்டுவிட்ட அடிக்கு வீணாக்கும் வாய்ப்பே இல்லை. அப்படியானால் உங்கள் துண்டுக் காகிதத்துக்கு வேலை போய்விட்டதே என்று ஒரு நண்பர் கேட்டார். போகவில்லை. தவறியது என்று தெரியும். எவ்வளவில் தவறியது என்று டிஎம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று குறைகிறதா ஒன்பது குறைகிறதா என்பதை, முன்னால் அடித்த ஒவ்வொருவரின் எண்ணையும் கேட்டு வைத்திருந்தவர்தான் சொல்ல முடியும். ஒன்பது குறைந்தால் ஆறு முகப் பகடையைப் போடாமல் பையில் வைத்துக்கொள்ளலாமே.

நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். பாணன் வேடத்தின் பாதி வேலை மற்றவர்களின் முறையில் நடக்கிறது. இந்த விளையாட்டில் ஒரு பெரிய நோய் உண்டு: தன் முறை முடிந்ததும் கைபேசியை எடுப்பது. வீரனோ கள்வனோ அப்படிச் செய்தால் ஆட்டம் கொஞ்சம் சோரும், அவ்வளவுதான். பாணன் செய்தால் அவன் கொடுக்கும் பகடை குருட்டுப் பகடையாகிவிடும். யாரிடம் தீ இருக்கிறது, யார் போன சுற்றில் எத்தனை எடுத்துத் தவறினார், யார் கையில் கொடுத்த பகடை இன்னும் போடாமல் கிடக்கிறது, இதெல்லாம் தெரியாமல் அவன் எதைக் கொடுப்பான்?

இதில் ஒரு வழுக்கலும் உண்டு. எல்லாவற்றையும் கவனிக்கிறவன் சீக்கிரம் எல்லோருக்கும் கட்டளையிடத் தொடங்கிவிடுவான். “இப்போ போடு”, “அவனை அடி”, “அதை ஏன் செஞ்ச?” சமையலறை வாசலில் நின்றுகொண்டு உப்பு, புளி சொல்கிற மாமனார் மாதிரி. மேசையில் நானும் அப்படி ஆகியிருக்கிறேன். ஒரு மாலை முழுவதும் யாரும் என்னிடம் பகடை வேண்டும் என்றே கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் காகிதத்தைத் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளப் பழகினேன். தெரிந்ததைச் சொல்லலாம். முடிவு பகடையை வைத்திருப்பவருடையது.

இன்னொன்று. பகடையைக் கொடுக்கும்போது பாணன் ஏதாவது சொல்ல வேண்டும். அவன் பாணன் அல்லவா? பெரும்பாலும் “நல்லா அடி” என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அந்த மாணவி ஆடிய மந்திரவாதிக்கு ஒரு பின்கதை உண்டு. குருகுலத்தில் விளக்கு ஏற்றும் மந்திரமே வராமல் இரண்டு வருடம் கேலிக்கு ஆளானவள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். டிரோல் முன்னால் நின்றபோது நான் என் பாணனின் குரலில், “விளக்கேத்தத் தெரியாதவள்னு சொன்னவங்க இந்தக் குகைக்கு வெளியிலதான் நிக்கிறாங்க” என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் சொன்னதை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்ற பார்வை அது. அதன் பிறகு விழுந்த எண் 2 என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஆட்டம் தொடங்கும் முன் பகடைகளைப் பிரித்து வைத்தோம். என்னுடைய மூன்று மஞ்சள் பகடைகளில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவது அந்த மாணவியின் பையில் இருந்து வந்தது. எடுத்துத் தரும்போது, “அண்ணா, இன்னிக்கு முதல் பகடையை அவருக்குக் கொடுங்க” என்று கள்வனைக் காட்டினார். “அவர் பின்பக்கமாப் போகப்போறாருன்னு ரெண்டு தடவை சொன்னார், யாரும் கவனிக்கல.”

நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருந்தார். கொடுத்தேன்.

பேச்சு முடிந்தது. பின்னால் இரண்டு மேசை போட்டிருக்கிறார்கள். இளைஞர்கள் ஒரு சிறு கதையை நடத்தப்போகிறார்கள். இந்த விளையாட்டை இதுவரை தொடாதவர்களும் வரலாம். ஒவ்வொரு மேசையிலும் நாலு வேடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது, பாணன் நாற்காலி மட்டும் காலி என்று சற்று முன்பு சொன்னார்கள். புறநானூறு கேட்க வந்தவர்களுக்கு முன்னுரிமை.